வீதியின் காற்றும் வீட்டின் காற்றும்

மார்கழி பிறந்துவிட்டால் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பனிமூட்டம் தாழ இறங்குகின்றது. அதிகாலைத் திருப்பலிக்கு வருவோரும், ஸ்ரீரங்கத்து வீதிகளில் கோலமிடுவோரும் அக்குளிர்ச்சியில் மகிழ்கின்றனர். அதே நாள்களில் நகரின் குழந்தை மருத்துவர்களுடைய வாசல்களில் பெற்றோர் காத்து நிற்பதையும் காண்கின்றோம். ஒரு பிள்ளைக்கு ஓயாத தும்மல். மற்றொரு பிள்ளைக்கு இரவெல்லாம் வறட்டிருமல். இன்னொரு பிள்ளைக்கு மூச்சுவிடும்போது நெஞ்சிலிருந்து சீழ்க்கை போன்ற ஒலி. வேறொரு பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அரிப்பெடுக்கும் கரப்பான்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "சாமி, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லாத இந்த இரைப்பு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?" அதற்கு அக்கம்பக்கத்தார் இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கின்றனர். "எல்லாம் ஊர்த் தூசியும் புகையும்தான்" என்பது ஒன்று. "பிள்ளைக்குப் பயம், நீங்கள் கொடுத்த செல்லம்" என்பது மற்றொன்று. முதல் விடை பெற்றோரைக் கையற்றவராக்குகின்றது. இரண்டாவது விடை, ஏற்கெனவே உறக்கமிழந்து தவிக்கும் தாயின்மேல் பழியையும் சுமத்துகின்றது. இவை இரண்டும் பாதி உண்மைகளே. குழந்தை இரண்டு காற்றை உட்கொள்ளுகின்றது: ஒன்று வீதியின் காற்று, மற்றொன்று வீட்டின் காற்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடும்போது விளைவது என்ன என்பதைப் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம்.

ஒவ்வாமை என்பது யாது?

வியன்னா நகரின் குழந்தை மருத்துவரான கிளெமென்ஸ் வான் பிர்கே என்பவர் 1906-இல் 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். அதனையே தமிழில் ஒவ்வாமை என்கின்றோம். நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஒரு காவற்படை உண்டு. அப்படை சிலருடைய உடலில், தீங்கற்ற ஒரு பொருளையும் பகைவன் என்று கருதிப் போர் தொடுத்துவிடுகின்றது. பூவின் மகரந்தத்தையோ தூசியையோ வெளியேற்ற முயலும் அப்போரில் மூக்கு வீங்குகின்றது, கண் சிவக்கின்றது, மூச்சுக்குழலின் உட்சுவர் தடித்து, சளி சுரந்து, சுற்றியுள்ள தசை இறுகுகின்றது. குழல் குறுகிய வழியே காற்று செல்லும்போது எழும் ஒலியே இரைப்பு.

இந்தத் தன்மை ஓரளவு பரம்பரையாக வருவது உண்மை. ஆயினும் தாய் தந்தையருக்கு இரைப்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. தந்தைக்குத் தும்மலும் அத்தைக்குக் கரப்பானுமாக இருந்தது, பிள்ளைக்கு ஆஸ்துமாவாக வெளிப்படலாம். பரம்பரை விறகை அடுக்கி வைக்கின்றது. சூழ்நிலை அதற்குத் தீ மூட்டுகின்றது எனலாம்.

நம் பகுதியில் அத்தீயை மூட்டுவன எவை? முதலாவது, நம் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை உண்டாக்குவது இந்த நுண்ணிய உயிரியே என்பதை 1960-களில் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மெத்தை, தலையணை, பழந்துணி மூட்டை ஆகியவையே அதன் இருப்பிடம். ஈரக்காற்று அதற்கு உகந்தது. இரண்டாவது கரப்பான்பூச்சி. மூன்றாவது மகரந்தம். தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் காடாக மண்டிய சீமைக் கருவேலமும், பார்த்தீனியச் செடியும் ஒவ்வாமை தருவன என்று நன்கறியப்பட்டவை. நம் மாவட்டத்துத் தாவரங்களைப் பற்றி அறிவதற்குத் திருச்சியிலேயே ஒரு கருவூலம் உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய சேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார், தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகளாக நூல் வெளியிட்டார். எந்தச் செடி எங்கே முளைக்கின்றது என்பதை அறிந்தவனே எந்தச் செடியை எங்கே வளர்க்கலாகாது என்பதையும் அறிவான்.

திருச்சியின் காற்று

இனி வீதிக்கு வருவோம். மகரந்தமும் தூசிப்பூச்சியும் நம் பாட்டனார் காலத்திலும் இருந்தன. அவற்றோடு இன்று சேர்ந்திருப்பது வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் எரியும் குப்பையின் நஞ்சுமாகும். தென் தமிழகத்தையும் வட தமிழகத்தையும் இணைக்கும் சாலைகள் கூடுமிடம் நமது நகரம். பால்பண்ணைச் சந்திப்பிலும், காந்தி மார்க்கெட்டைச் சுற்றிலும், சத்திரம் பேருந்து நிலையத்தின் ஓரங்களிலும் அரை மணி நேரம் நின்றவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆற்றைக் கடந்தால் ஸ்ரீரங்கம். தீவு என்பதால் அங்குத் தூய காற்றே வீசும் என்று எண்ணுகின்றோம். ஆயினும் யாத்திரை வாகனங்கள் நெருக்கும் திருநாள்களில், மதில்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய வீதிகளில் புகை எளிதில் கலைவதில்லை.

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகின்றது. அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிகின்றது. ஆகவே அதிகாலையில் எழும் புகை மேலே செல்லாமல் தாழவே தங்கிவிடுகின்றது. போகிப் பண்டிகையன்று பழைய டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கப்படுவது இத்தகைய வைகறையில்தான். ஆடி மாதத்திலோ வேறு கதை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். வற்றிய ஆற்று மணலும் சாலைப் புழுதியும் பறப்பதற்குக் கேட்க வேண்டுமா?

அரியமங்கலம் குப்பைக் கிடங்கைப் பற்றிச் சொல்லாமல் நம் நகரின் காற்றைப் பற்றிப் பேச முடியாது. ஏறக்குறைய 47 ஏக்கர் பரப்பில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை அங்கே மலையாய் நின்றது. கோடையில் அது பலமுறை தீப்பற்றி எரிந்து, சுற்றுப்புறக் குடும்பங்களைப் புகையில் ஆழ்த்தியதுண்டு. பழைய குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது வரவேற்கத்தக்கது.

இந்திய அரசு 2019 சனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் 131 நகரங்களில் சென்னை, மதுரை, தூத்துக்குடி ஆகியவற்றோடு நம் திருச்சியும் இடம்பெற்றுள்ளது. காற்றின் தரத்தை அளக்கும்போது 'பி.எம். 2.5' என்னும் சொல் அடிக்கடி வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான்; அத்தகைய இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவும் ஆன துகள்களே இவை. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு முதல் முப்பதில் ஒரு பங்கு வரையே இவற்றின் அளவு. பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும்; இத்துகளோ நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்கும். ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது 2009-இல் நம் நாடு வகுத்த அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே. நம் நாட்டு அளவுக்குள் காற்று இருந்தாலும் அது குழந்தைக்கு ஏற்ற காற்று என்று கொள்வதற்கில்லை என்பதை இந்த இடைவெளியே உணர்த்தும்.

சிறுவர்க்கே கேடு மிகுதி

வளர்ந்தவர் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உட்கொள்ளும் காற்று மிக அதிகம். அதன் மூக்கோ வாகனங்களின் புகைக்குழாய் உயரத்திற்கு அருகில் இருக்கின்றது. மேலும் நுரையீரல் பிறந்த பின்னரும் பல ஆண்டுகள் வளர்வது. தளிரைக் கிள்ளுவதற்கும் முற்றிய கிளையை ஒடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உண்டு. உலகில் 15 வயதுக்குட்பட்ட சிறுவரில் 93 விழுக்காட்டினர் மாசு மிகுந்த காற்றையே சுவாசிக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் கூறியது.

இலண்டன் மாநகரின் லூயிஷம் பகுதியில், நெரிசல் மிகுந்த பெருஞ்சாலை அருகே எல்லா என்னும் சிறுமி வாழ்ந்தாள். மூன்றாண்டுகளில் ஏறக்குறைய முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவள், 2013 பிப்ரவரியில் தன் ஒன்பதாம் வயதில் கடும் ஆஸ்துமாவால் உயிர் நீத்தாள். மூச்சுத்திணறல் என்று மட்டும் எழுதப்பட்ட முடிவை அவளுடைய தாய் ஏற்கவில்லை. பல்லாண்டுகள் போராடி மறுவிசாரணை பெற்றார். 2020 டிசம்பரில், காற்று மாசும் அக்குழந்தையின் மரணத்திற்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்நாட்டில் ஒருவரின் மரணத்திற்குக் காற்று மாசும் காரணமென முறைப்படி பதிவானது அதுவே முதன்முறை. ஒரு தாயின் கேள்வி ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது.

தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையும் இதற்கு விலக்கன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, தமிழகத்துக் கருவுற்ற மகளிர் 1,285 பேரைக் கவனித்தது. காற்றில் நுண்துகள் கூடக்கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைவதை 2018-இல் அது எடுத்துரைத்தது.

நாமே எழுப்பும் புகை

வீதியின் காற்று நம் கையில் முழுவதும் இல்லை. வீட்டிற்குள் நாமே எழுப்பும் புகையோ முற்றிலும் நம் கையில் உள்ளது. முதற்கண் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமமாக இருந்ததை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை வைத்து அவ்வாய்வு செய்யப்பட்டது. சன்னலை அடைத்து, சுருளைக் கொளுத்தி, அதனருகே பிள்ளையை உறங்க வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டுக் கொசுவலையைக் கட்டுவதே அறிவுடைமை.

அடுத்தது, குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கம். பாட்டிமாரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தணல்மேல் எழும் அப்புகை பச்சிளங்குழந்தையின் நுரையீரலுக்கு உகந்ததன்று. தலையைத் துணியால் நன்கு துவட்டினாலே ஈரம் உலரும். தந்தையரின் பீடியும் சிகரெட்டும் இதே வரிசையில் சேர்வன. "வாசலில் நின்றுதான் குடிக்கிறேன்" என்பார் உளர். சட்டையிலும் முடியிலும் அப்புகை வீட்டிற்குள் வருவதை அவர் எண்ணுவதில்லை. விறகடுப்பின் கொடுமையைச் சொல்லத் தேவையில்லை. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு பெற்ற குடும்பங்கள் பல. எனினும் உருளை தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பும் இல்லங்களும் உண்டு.

நம் ஆலயங்களைப் பற்றியும் ஒரு சொல். தூபம் நம் வழிபாட்டின் அழகிய அடையாளம். அதனை விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரைப்புள்ள சிறுவனிடம் தூபக்கலத்தைக் கொடுத்துப் பீடத்தில் நிறுத்துதல் ஆகாது. அத்தகைய பிள்ளைகளுடைய பெற்றோர் ஆலயத்தில் கதவோரமாக அமர்வதற்கு எவரும் முகம் சுளிக்கவும் வேண்டா.

மனமும் மூச்சும்

இப்போது வீட்டின் மற்றொரு காற்றுக்கு வருகின்றோம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆனால் குழந்தை அதனை ஒவ்வொரு கணமும் உட்கொள்ளுகின்றது. பெற்றோரின் சினமும் சண்டையும் அச்சமும் அமைதியும் அன்புமே அக்காற்று.

மனத்துயருக்கும் இரைப்புக்கும் தொடர்புண்டு என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த அறிவு தவறான வழியிலும் சென்றது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஸ்துமா சிறுவர்க்கான இல்லம் ஒன்று இருந்தது. பெற்றோரைப் பிரிந்து அங்கே வந்த பிள்ளைகள் பலர் நலமடைந்ததைக் கண்ட டாக்டர் பெஷ்கின் என்பவர், பெற்றோரிடமிருந்து பிரிப்பதையே ஒரு சிகிச்சையாக எடுத்துரைத்தார். அதன் விளைவாகத் தாய்மார்கள்மேல் பழி விழுந்தது. பின்னர் 1969-இல் வெளியான ஆய்வொன்றில் அதே நகரின் ஆய்வாளர்கள் வேறுவகையில் சோதித்தனர். பிள்ளையை வீட்டிலேயே, அதே தூசியின் நடுவிலேயே விட்டு, குடும்பத்தாரை இரண்டு வாரம் வெளியே தங்கச் செய்தனர். பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு இரைப்புக் குறைந்தது. மற்றவர்க்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மனநிலை சிலருக்குப் பெரிதும் பாதிப்பைத் தருகின்றது, எல்லார்க்கும் அதுவே காரணமன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

இன்றைய அறிவு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. தென் கலிபோர்னியாவில் 5 முதல் 9 வயது வரையுள்ள, இரைப்பு இல்லாத 2,497 சிறுவரை ஆய்வாளர்கள் மூன்றாண்டுகள் கவனித்தனர். வாகனப் புகையால் ஆஸ்துமா தோன்றும் வாய்ப்பு, பெற்றோர் மிகுந்த மன நெருக்கடியில் வாழும் வீட்டுப் பிள்ளைகளுக்கே கூடுதலாயிருந்தது. இது 2009-இல் வெளியான முடிவு. பாஸ்டன் நகரில் 2007-இல் வெளியான ஆய்வும், வன்முறையைக் காணும் சூழலில் வளர்ந்த பிள்ளைகளிடமே வாகனப் புகையின் தீங்கு மிகுந்து தோன்றியதாகக் கூறிற்று. அதாவது, வீதியின் புகையும் வீட்டின் கலக்கமும் தனித்தனியே நின்று தாக்குவதைவிட, ஒன்றுக்கொன்று வலுவூட்டித் தாக்குகின்றன. ஓயாத அச்சத்தில் வாழும் குழந்தையின் உடலில் நெருக்கடிக் காலச் சுரப்பிகள் இடைவிடாது இயங்குகின்றன. அதனால் காவற்படை தன் நிதானத்தை இழந்து, சிறு தூண்டுதலுக்கும் சீறி எழுகின்றது.

நகரின் நெரிசல் மிகுந்த தெருவொன்றில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. எட்டு வயதுச் சிறுவனுக்கு இரைப்பு. இரவில் எப்போது மூச்சு முட்டுகின்றது என்பதை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வரும்படி மருத்துவர் தாயிடம் கூறினார். இரண்டு மாதம் சென்றபின் பார்த்தால், குறிப்புகளில் பெரும்பாலானவை சனிக்கிழமை இரவுகள். தந்தை வாரக் கூலி வாங்கிக் குடித்துவிட்டு வரும் இரவுகள் அவை. பீடிப் புகையும் கூச்சலும் அழுகையும் ஒன்றாகச் சேரும் இரவுகள். எத்தனையோ அறிவுரைகள் செய்யாததை அந்த ஒரு தாள் செய்தது. தந்தை குடியை விட்டொழிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. சிறுவனுக்கு இரைப்பு முற்றும் நீங்கவில்லை. இன்றும் மருந்து உண்டு. ஆயினும் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் நிலை அதன்பின் வரவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்கள் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டா. உங்கள் கவலையால் மட்டும் நோய் பிறக்கவில்லை. பிள்ளை நடிக்கவுமில்லை. நோயே குழந்தையின் மனத்தை வாட்டுகின்றது என்பதும் மறக்கலாகாத உண்மை. இரவில் உறக்கமில்லாத பிள்ளை பகலில் எரிந்து விழுகின்றது, பாடத்தில் பின்தங்குகின்றது, விளையாட்டுத் திடலில் ஓரமாக உட்கார்ந்து, "என்னால் முடியாது" என்று கற்றுக்கொள்ளுகின்றது. அடுத்த மூச்சு வருமோ வராதோ என்னும் அச்சத்தை அனுபவித்த குழந்தையிடம் "சும்மா இரு" என்று அதட்டுவது எத்துணைக் கொடுமை!

மருந்தைப் பற்றிய அச்சம்

நம் குடும்பங்களில் இன்ஹேலரைப் பற்றி மூன்று அச்சங்கள் நிலவுகின்றன. பழகிவிட்டால் விட முடியாது என்பது ஒன்று. வளர்ச்சி நின்றுவிடும் என்பது மற்றொன்று. பெண்பிள்ளைக்கு இந்நோய் இருப்பது வெளியே தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்பது மூன்றாவது.

இன்ஹேலர் மருந்து போதைப்பொருளன்று. அதற்கு அடிமையாவோர் இல்லை. மாத்திரை வயிற்றில் கரைந்து உடலெங்கும் பரவுகின்றது. இம்மருந்தோ மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழலை அடைகின்றது. வளர்ச்சியைப் பொறுத்தவரை, பல்லாண்டு பயன்படுத்திய பிள்ளைகள் பெரியவர்களான பின் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததை 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்கு மாறாக, கட்டுப்படாத ஆஸ்துமா பறித்துக்கொள்வது உறக்கம், படிப்பு, சில வேளைகளில் உயிர். எது பெரிய இழப்பு என்பதைப் பெற்றோரே நிறுத்துப் பார்க்கட்டும்.

மருந்தில் இருவகை உண்டு என்பதையும் அறிதல் நன்று. உடனடியாக மூச்சைத் திறப்பது ஒருவகை. குழலின் வீக்கத்தை ஆற்றி, இரைப்பு வராமலே காப்பது மற்றொருவகை. இரண்டாம் வகையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க, இரைப்பு நின்றவுடன் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் பல குடும்பங்களில் நிகழ்வது. சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்னும் குடுவையைப் பொருத்திக் கொடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே செல்லும். மூன்றாவது அச்சத்திற்கு மருந்து சமுதாயத்தின் கையில் உள்ளது. மூக்குக்கண்ணாடி அணிவதைவிட இன்ஹேலர் வைத்திருப்பது இழிவானதன்று. அதனை ஒளித்து வைக்கும்படி மகளிடம் சொல்லும்போது, மூச்சுவிடுவதே வெட்கத்திற்குரியது என்று அவளுக்குக் கற்பிக்கின்றோம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. பிள்ளையின் மெத்தையையும் தலையணையையும் வாரம் ஒருமுறை நல்ல வெயிலில் காயவிடுங்கள். விரிப்புகளைச் சுடுநீரில் துவையுங்கள். திருச்சி வெயிலைக் குறை கூறும் நாம், தூசிப்பூச்சியை ஒழிக்க அதனையே பயன்படுத்திக்கொள்ளலாம். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நன்று.

2. சுருள், சாம்பிராணி, பீடி, சிகரெட் ஆகிய நான்கு புகைகளும் பிள்ளை உறங்கும் வீட்டில் வேண்டா.

3. மேலே கூறியது போன்ற ஒரு நாட்குறிப்புத் தாளை வைத்திருங்கள். எந்நாள், எந்நேரம், அன்று என்ன நடந்தது என்று எழுதுங்கள். வெடி, வெள்ளையடிப்பு, பூனை, தேர்வு, சண்டை எதுவாயினும் குறியுங்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

4. இரைப்பு வந்த வேளையில் பிள்ளையை நேராக உட்காரவைத்து, உங்கள் குரலைத் தாழ்த்தி, மருத்துவர் சொன்ன முறைப்படி மருந்து கொடுங்கள். பேச முடியாமை, உதடு நீலமாதல், விலா எலும்புகளின் இடையே சதை உள்வாங்குதல் ஆகியவை அபாயக் குறிகள். வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் ஏழை எளியோர் சிகிச்சை பெறலாம்.

5. இரவு உணவு வேளையையும் இரவுச் செபத்தையும் சண்டையற்ற நேரமாக்குங்கள். கணவன் மனைவி பேசித் தீர்க்க வேண்டியதைப் பிள்ளை உறங்கியபின், தாழ்ந்த குரலில் பேசுங்கள். மனச்சுமை தாங்க முடியாத நிலையில் உள்ளவர்கள், 2022 முதல் செயல்படும் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். அது பலவீனத்தின் அடையாளமன்று.

ஊரும் பங்கும்

காற்றுக்கு மதில் இல்லை. ஆகவே ஒரு வீடு மட்டும் திருந்திப் பயனில்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. ஆலய வளாகங்களிலும் பள்ளி வளாகங்களிலும் சருகுக்கு நெருப்பு வைப்பதை நிறுத்தி, மட்கச் செய்து உரமாக்குவோம். தீபாவளியன்று காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் மட்டுமே வெடிக்கலாம் என 2018-இல் தமிழக அரசு வரையறுத்தது. அப்படியிருக்க, நம் பங்குத் திருவிழாக்களின் வாணவேடிக்கைக்கு வரையறை இல்லாமல் இருப்பது முறையா என்பதைப் பங்குப் பேரவைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளின் வாயிலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர் வண்டியின் எஞ்சினை நிறுத்தினாலே அத்தனை சிறுவருக்கும் நன்மை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளமையில் நுரையீரலின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் இழந்தவர். 2015-இல் அவர் வெளியிட்ட சுற்றுமடல், நம் பொது இல்லமாகிய பூமியின் துன்பங்களைச் சொல்லத் தொடங்கும்போதே காற்று மாசையும், ஏழைகள் சமையல் புகையால் நோயுறுவதையும் குறிப்பிடுகின்றது. காற்றைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முயன்றால் பயனுண்டா என ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. தென் கலிபோர்னியாவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் ஆண்டுதோறும் காற்று தூய்மையடைந்து வந்தது. அங்கே 15 வயதில் நுரையீரல் வலுக்குன்றியிருந்த சிறுவர், 1990-களில் வளர்ந்தவருள் ஏறக்குறைய 8 விழுக்காடு. 2011-ஐ ஒட்டி அப்பருவத்தை அடைந்தவருள் 3.6 விழுக்காடு. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் கந்தகம் மிகக் குறைந்த எரிபொருளும், பாரத் நிலை 6 வாகனங்களும் வந்துள்ளன. 2025-இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், வெளியூர்ப் பேருந்துகள் பல நகரின் நடுவே வந்து நிற்பது தவிர்க்கப்படுகின்றது.

வீதியின் காற்று மாறுவதற்குச் சட்டமும் பணமும் காலமும் தேவை. அதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. வீட்டின் காற்று மாறுவதற்கு எந்த அரசாணையும் வேண்டுவதில்லை. இன்றிரவே ஒரு சுருளை அணைக்கலாம். ஒரு கடுஞ்சொல்லை அடக்கலாம். அஞ்சி விழித்திருக்கும் பிள்ளையின் முதுகை மெல்லத் தடவி, "அப்பா இருக்கிறேன், மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லலாம். அவ்வாறு சொல்லும் தந்தையர் நம் பங்குகளில் பெருகட்டும்.